காதி நீதிமன்றத்துக்கும் ஒரு கட்டடம் கேட்போம்



பள்ளிமுனை, உப்புக்குளம், மூர்வீதி, எருக்கலம்பிட்டி, தாராபுரம் உறவுகளே, எங்கள் கத்தோலிக்க, இந்துச் சகோதரங்களே, எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே சண்டைக்கு வர வேண்டாம்.

"கோடு கச்சேரி ஏறாமல் காலத்தைக் கழிக்க வேண்டும்" என்பது எங்கள் பெரியவர்களின் துஆ. நல்ல துஆதான். ஆனால் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. காணிப் பிரச்சினை வரும், கடன் பிரச்சினை வரும், குடும்பம் உடையும். அப்படி வரும்போது மன்னாரில் ஒருவருக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. பெயர்ப்பலகை போட்ட கட்டடம், வழக்கு இலக்கம் ஒட்டிய பலகை, கூப்பிடும் வரை உட்கார ஒரு வாங்கு. மாவட்ட நீதிமன்றம், நீதவான் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் எல்லாம் இந்த ஊரிலேயே இருக்கின்றன. ஆனால் எங்கள் பெண்கள் தாபரிப்புக் கேட்டும் விவாகரத்துக் கேட்டும் போகிற காதி நீதிமன்றத்துக்கு, நாட்டின் பெரும்பாலான இடங்களில், சொந்தமாக ஓர் அறைகூட இல்லை. காதியார் வீட்டு விறாந்தையிலும், பள்ளிவாசல் மண்டபத்திலும், விடுமுறை நாளில் பாடசாலை வகுப்பறையிலும் விசாரணை நடக்கிறது.

இதைப் பற்றித்தான் பேச வருகிறோம். எந்தக் காதியாரையும் குறை சொல்ல வரவில்லை. சொந்த வீட்டு விறாந்தையை ஊருக்குத் திறந்துவிட்டு, சிறு கொடுப்பனவுக்காக ஞாயிற்றுக்கிழமையையும் இழந்து, இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொள்கிற மனிதர்கள் அவர்கள். குறை இடத்தில் இருக்கிறது.

"நீதிக்கும் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு? நீதி மனிதனின் மனதில் அல்லவா இருக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் மண்ணின் கட்டடங்களையே முதலில் பார்ப்போம்.

மன்னார்க் கோட்டையை எல்லோரும் தினமும் கடந்து போகிறோம். 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது, 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு மூலையிலும் கொத்தளம், சுற்றி அகழி. வெளியே இருப்பவனை வெளியிலேயே வைத்திருப்பதற்காகக் கட்டியது. மூன்று அரசுகள் மாறியும் அந்தச் சுவரின் வேலை மாறவில்லை.

கரையோரமாகத் தெற்கே அரிப்புக்குப் போனால் டொரிக் மாளிகை. சனம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும். அதைக் கட்டியது முதலாவது ஆங்கிலேய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த், 1801 தொடக்கம் 1804 வரை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்து தங்குவதற்காக, கிரேக்கக் கோயில் பாணியில் தூண்கள் வைத்துச் செங்கல்லால் கட்டிச் சுண்ணச்சாந்து பூசினார்கள். இன்று பாதி இடிந்து கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. வருமானம் வரும் இடத்தில் ஆளுநருக்கு மாளிகை எழும்பியது.

அதே கரையில் மறிச்சுக்கட்டியில் நூறு வருடம் கழித்து நடந்ததையும் பாருங்கள். 1905 இலும் 1906 இலும் பெரிய முத்துக்குளிப்பு. கீழக்கரை, காயல்பட்டினம் தொடக்கம் அரபு நாடுகள் வரை பல்லாயிரம் பேர் வந்து, வெறும் மணலில் சில கிழமைக்குள் ஒரு பட்டினமே உருவாகியது. கம்பும் கிடுகுமாகக் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, தபாற்கந்தோர், சிறை, அவற்றோடு ஒரு நீதிமன்றமும். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கும் படகுக்கும். அந்தப் பங்கு பிரிப்பிலும் கடனிலும் களவிலும் சண்டை வராமல் இருக்குமா? சில கிழமைக்கு மட்டும் இருக்கப் போகிற பட்டினத்துக்கும் ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று காலனி ஆட்சிக்கே விளங்கியிருந்தது. கிடுகுக் கொட்டில் என்றாலும், இதுதான் கோடு என்று கைகாட்டிச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

அந்த 1906 முத்துக்குளிப்புக்கு உத்தியோகத்தராக வந்தவர்களில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். 1908 இலிருந்து 1911 வரை அவர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். சிறிய மாவட்டம் என்பதால் நீதவான் வேலையும் அவருக்குத்தான். பின்னால் அவர் எழுதிய நாவலில் அந்தச் சிறு பட்டின நீதிமன்றம் வருகிறது. சிங்களத்தில் அது 'பெத்தேகம' என்று படமாகவும் வந்தது. அதில் நீதவானாக நடித்தவர், இலங்கையில் குடியிருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

அந்த நீதிமன்றம் கடலைப் பார்த்த ஒரு மொட்டை மேட்டில் நிற்கிறது. பெரிய கதவுகள் திறந்தே கிடக்கும். ஆசனத்தில் இருக்கும் நீதவானுக்கு நேரே குடாவும் அதற்கு அப்பால் காடும் தெரியும். கூண்டில் நிற்பவனுக்கோ அங்கு பேசுகிற மொழியே விளங்காது. செய்யாத களவுக்கு ஓர் ஏழை சிறைக்குப் போகிறான். நீதவானுக்குள் ஏதோ உறுத்துகிறது. ஆனால் முன்னால் இருக்கிற சாட்சியம் வேறு மாதிரி.

கட்டடம் இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. அதை நாங்கள் மறைக்க வரவில்லை. உயர்ந்த ஆசனமும் விளங்காத மொழியும் சேர்ந்தால் கட்டடமே மனிதனை மிரட்டும். ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. கதவு திறந்து கிடந்தது. யாரும் போய் நின்று பார்க்கலாம். நடந்தது பதிவானது. அநியாயம் நடந்தாலும் அது நாலு பேர் கண் முன்னால் நடந்தது. அதனால்தான் நூறு வருடத்துக்குப் பிறகும் நாங்கள் அதைப் பற்றிப் பேசுகிறோம். ஒரு வீட்டு விறாந்தையில் நடந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

எங்கள் நாட்டின் பழைய சிறு பட்டின நீதிமன்றங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும், அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். நாலு படி ஏறிப் போகும் உயர்ந்த அத்திவாரம். முன்னால் நீண்ட விறாந்தை. தடித்த சுவர், உயரமான கூரை, ஓடு. உள்ளே ஒரு பெரிய மண்டபம். பக்கத்தில் நீதவானின் தனியறை, பதிவாளர் கந்தோர், ஆவணங்கள் வைக்கும் அறை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. விறாந்தை காத்திருப்பவர்களுக்கு. வழக்காளியும் எதிராளியும் ஆளுக்கொரு மூலையில் நிற்க முடிகிற அளவுக்கு அது நீளம். உயர்ந்த மேடை, தீர்ப்புச் சொல்பவர் யாருடைய தோளிலும் கை போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்கு. அவரது தனியறைக்கு வேறு வாசல், வழக்குக்கு முன் யாரும் வழியில் மறித்து "ஒரு சின்ன விஷயம்..." என்று காதுக்குள் ஓதக் கூடாது என்பதற்கு. சாட்சிக் கூண்டு தனியே இருப்பது, சொல்பவரை எல்லோரும் பார்க்க வேண்டும், யாரும் அவரைத் தொடக் கூடாது என்பதற்கு. ஆவண அறை, இன்று சொன்ன தீர்ப்பு நாளைக்கு இல்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்கு.

சட்டப் புத்தகத்தில் இருக்கிற நியாயத்தின் பாதி இந்தச் சுவரிலும் கதவிலும்தான் இருக்கிறது.

அந்தச் சுவருக்கு நாங்கள் எல்லோரும் எவ்வளவு மரியாதை கொடுத்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2012 ஜூலை 18 அன்று, உப்புக்குளம் கோந்தைப்பிட்டி மீன்பிடித் துறைப் பிரச்சினையில் மன்னார் நீதிமன்றத்தின் மீது கல் விழுந்தது. நாட்டின் பல பாகங்களிலும் சட்டத்தரணிகள் வேலைக்குப் போகாமல் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2015 மே 20 அன்று, புங்குடுதீவு மாணவியின் கொலையால் எழுந்த கோபத்தில் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்தொகுதி கல்லெறிபட்டது. ஒரு முறை எங்கள் பக்கத்துப் பெயர் அடிபட்டது, மற்ற முறை வேறு சனம். கோபத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் உடைந்தது யாருடைய கண்ணாடி? கல் எறிந்தவனும் நாளைக்கு நியாயம் கேட்டு அதே படியில்தான் ஏற வேண்டும்.

2025 ஜனவரி 16 அன்று மன்னார் நீதிமன்றத்துக்கு முன்னால் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் கொழும்பு புதுக்கடையில் நீதிமன்ற மண்டபத்துக்குள்ளேயே சூடு நடந்தது. இப்படிப் போனால் வாசல்கள் இன்னும் இறுக்கமாகும், சுவர் இன்னும் உயரும். பாதுகாப்பு வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் நீதிமன்றம் இன்னொரு கோட்டையாக மாறிவிடக் கூடாது என்பது எங்கள் கவலை.

ஏனென்றால் இந்த ஊருக்கு அந்தக் கட்டடம் தேவை. பள்ளிமுனைச் சனம் கடற்படை வசமிருந்த தங்கள் காணிக்காக வழக்குப் போட்டது அங்கேதான். 2018 இல் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்து, 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டதும் மன்னார் நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில்தான். கேட்டதெல்லாம் கிடைத்ததா என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. கேட்டது எழுத்தில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம்.

இலங்கை முஸ்லிம்களின் திருமணச் சட்டத்துக்கு நீண்ட வரலாறு. 1806 இல் ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கான சட்டக் கோவையை ஏற்றுப் பிரசுரித்தார்கள். 1929 இன் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காதி முறையைக் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1937 இல். பிறகு இன்றுவரை இருக்கிற 1951 இன் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். நாடு முழுவதும் சுமார் 65 காதி நீதிமன்றங்கள். காதியை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. தலாக், ஃபஸஹ், தாபரிப்பு, மஹர், கைக்கூலி என்று ஒரு குடும்பத்தின் உயிர்நாடி அவர் கையில்.

அதாவது இது ஊர்ப் பஞ்சாயத்து இல்லை. அரசாங்கம் சட்டம் போட்டு, ஆணைக்குழு ஆள் நியமித்து நடத்துகிற நீதிமன்றம். 1937 இலிருந்து கணக்குப் பார்த்தால் தொண்ணூறு வருடத்தைத் தொடப் போகிறது. இத்தனை வருடத்தில் அதற்கு ஒழுங்கான ஓர் அறை கொடுக்க வேண்டும் என்று எந்த அரசாங்கத்துக்கும் தோன்றவில்லை. அதைவிட வருத்தம், எங்களுக்கும் தோன்றவில்லை.

இடம் இல்லாததால் நடப்பது என்ன? ஒரு பெண்ணின் இடத்தில் நின்று யோசியுங்கள்.

அவள் ஃபஸஹ் கேட்டுப் போகிறாள். சட்டப்படி காதியாரோடு மூன்று மதிப்பீட்டாளர்கள் இருக்க வேண்டும். காதியாக ஆணைத்தான் நியமிக்கலாம் என்பது சட்டம். மற்ற மூவரும் ஆண்கள் என்பது வழமை. ஒரு வீட்டின் முன்னறையில் நான்கு ஆண்களுக்கு முன்னால் இருந்து, கணவன் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். சட்டத்தரணி வரச் சட்டம் இடம் கொடுக்காது. கணவனும் அவனுடைய ஆட்களும் அதே விறாந்தையில் இரண்டு முழத் தூரத்தில். வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்று தெருவில் போகிறவனுக்கும் தெரியும். மலசலகூடம் வேண்டுமென்றால் காதியார் வீட்டுப் பெண்களிடம் கேட்டு அவர்கள் அடுப்படிப் பக்கமாகப் போக வேண்டும். மழை வந்தால் தவணை தள்ளிப்போகும், காதியார் வீட்டில் கலியாணம் என்றாலும் தள்ளிப்போகும்.

பள்ளிவாசலில் நடந்தால்? கணவனின் வாப்பாவோ மாமாவோ நிர்வாக சபையில் இருக்கலாம். மாதவிடாய் நாளில் அவள் உள்ளே வரத் தயங்குவாள். பெண்களுக்கென்று ஒரு பகுதியே இல்லாத பள்ளிவாசல்கள் இன்னும் எத்தனை!

பாடசாலையில் நடந்தால்? மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் வாங்கில் வளர்ந்த ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்க, சுவரில் பிள்ளைகள் வரைந்த வீடும் தென்னைமரமும் தொங்க, கீழே ஒரு குடும்பம் பிரிகிறது. ஆசிரியர்கள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறோம். தாய் தகப்பன் வழக்கில் இருக்கிற பிள்ளை, திங்கட்கிழமை எந்த முகத்தோடு வகுப்புக்கு வரும் என்பது எங்களுக்குத் தெரியும். தன் வீட்டுக் கதை பேசப்பட்டது இதே வகுப்பறையில்தான் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை எங்கே போய் உட்காரும்?

ஆவணம் இன்னொரு பிரச்சினை. காதியாரின் பதிவேடுகள் வீட்டு அலுமாரியில் இருந்தால், அவர் காலமானாலோ பதவி மாறினாலோ என்ன ஆகும்? இதை மற்ற ஊருக்கு விளங்கப்படுத்த வேண்டும், எங்களுக்கு வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவை விட்டு விரட்டப்பட்டபோது, உறுதி, பிறப்பு அத்தாட்சி, கலியாணப் பதிவு என்று எத்தனை வீட்டில் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைக் கேட்டுத்தான் எங்கள் தலைமுறை புத்தளம், கற்பிட்டி முகாம்களில் வளர்ந்தது. ஒரு கடதாசி இல்லாததால் எத்தனை வருடம் அலைய வேண்டும் என்று எங்கள் உம்மாமாருக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாங்களே, எங்கள் பெண்களின் தாபரிப்புக் கட்டளையை யாரோ ஒருவரின் அலுமாரியை நம்பி விடலாமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காதியார் தாபரிப்புக் கட்டளை போட்டும் கணவன் காசு கட்டாவிட்டால், அதை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மேன்முறையீடு என்றால் கொழும்பு புதுக்கடையில் இருக்கிற காதிகள் சபைக்கு. ஆக, விறாந்தையில் தொடங்குகிற வழக்கு கடைசியில் கட்டடத்துக்குத்தான் போகிறது. அப்படியானால் முதலிலேயே கட்டடத்தில் தொடங்கினால் என்ன?

"மார்க்கத்தில் இதற்கெல்லாம் கட்டடம் இருந்ததா?" என்று கேட்கிறவர்களுக்காக மூன்று விடயம்.

முதலாவது, கவ்லா பின்த் தஃலபா ரலியல்லாஹு அன்ஹா. கணவனைப் பற்றி முறையிட்டு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே வாதாடிய பெண். அவருடைய முறைப்பாட்டை வைத்தே ஸூரத்துல் முஜாதலா ஆரம்பமாகிறது. ஒரு பெண் தன் குடும்பக் கஷ்டத்தைத் தயங்காமல் வந்து சொல்லக்கூடிய இடமாக அந்தச் சபை இருந்தது. கட்டடம் எளிமையாக இருந்திருக்கலாம், வாசல் திறந்திருந்தது.

இரண்டாவது, உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அபூ மூஸா அல் அஷ்அரி ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு நீதி வழங்குவது பற்றி எழுதியதாக அறியப்படுகிற கடிதம். வழக்குக்கு வரும் இரு தரப்பையும் பார்வையிலும் உட்காரும் இடத்திலும் சமமாக வைக்கச் சொல்கிறது அது. பலமுள்ளவனுக்கு உங்களிடம் சலுகை கிடைக்கும் என்ற ஆசை வரக் கூடாது, பலவீனன் உங்கள் நீதியில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பது அதன் கருத்து. எங்கே உட்கார வைக்கிறோம் என்பதும் நீதியில் ஒரு பங்கு என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஒருவருக்குக் குஷன் கதிரை, மற்றவருக்கு வாசற்படி என்ற நிலை விறாந்தையில் எவ்வளவு இலகுவாக வந்துவிடுகிறது!

மூன்றாவது, திமிஷ்க் நகரம். அங்கே 1163 அளவில் சுல்தான் நூருத்தீன் ஸங்கி, முறைப்பாடு கேட்பதற்கென்றே 'தாருல் அத்ல்', அதாவது நீதி இல்லம், என்று ஒரு கட்டடம் கட்டினார். வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் சொல்கிற சம்பவம் இது. அந்தக் கட்டடம் எழும்புகிறது என்று கேள்விப்பட்டதும் சுல்தானின் பெரிய தளபதி ஷிர்கூஹ் தன் காரியக்காரர்களைக் கூப்பிட்டு, யாருடைய சொத்திலாவது கை வைத்திருந்தால் உடனே போய்த் தீர்த்துவிடுங்கள், அந்த இல்லத்துக்கு என்னை யாரும் இழுத்து வைக்கக் கூடாது என்று எச்சரித்தாராம். கட்டடம் திறந்தபோது ஷிர்கூஹைப் பற்றி முறையிட ஆளே வரவில்லை. கதவு திறக்க முன்னமே நீதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

பலம் உள்ளவனுக்குப் பயம் வர, "நாளைக்கு அங்கே போய் நிற்க வேண்டி வரும்" என்று சொல்ல ஒரு 'அங்கே' வேண்டும். எங்கள் ஊரில் தாபரிப்புக் கட்டாத ஆணுக்கு அந்த 'அங்கே' எது?

இனி எதிர்ப்புகள். "குடும்ப விடயம் இரகசியமாக இருக்க வேண்டும், அதை ஏன் கோட்டில் கொண்டுபோய் வைக்கிறீர்கள்?" நல்ல கேள்வி. அரசியலமைப்பின் 106 ஆவது உறுப்புரை நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்கிறது. அதே உறுப்புரை, குடும்ப உறவு சம்பந்தப்பட்ட விடயங்களில் வெளியாட்களை வெளியே அனுப்பும் அதிகாரத்தையும் நீதிபதிக்குக் கொடுக்கிறது. கதவுள்ள அறையில்தான் கதவைச் சாத்தவும் முடியும். விறாந்தையில் எதைச் சாத்துவது? இரகசியத்தைக் காப்பாற்றவே கட்டடம் வேண்டும்.

"இதை ஒப்புக்கொண்டால் காதி முறையையே எடுத்துவிடுவார்கள்" என்று சிலருக்குப் பயம். "இந்த முறையே வேண்டாம், எல்லோருக்கும் பொது நீதிமன்றம் போதும்" என்று வேறு சிலர். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைத்த குழுவே தன் அறிக்கையைக் கொடுக்க 2018 ஆகிவிட்டது. பெண்கள் காதியாகலாமா, வயது எல்லை என்ன என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அந்த விவாதங்கள் வேண்டும், அதில் எங்களுக்கும் கருத்து உண்டு, இன்னொரு பதிவில் எழுதுகிறோம். ஆனால் சட்டம் திருந்தும் வரை, இந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் அந்தப் பெண் எங்கே போய் இருப்பாள்? ஒரு வாங்கு போடுவதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டுமா?

காதி முறையை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் கேட்க வேண்டும். மரியாதையான இடம் இல்லாத நீதிமன்றத்தை யாரும் நீண்ட நாள் மதிக்க மாட்டார்கள்.

"காசு எங்கே?" கோடிக்கணக்கில் புதிதாகக் கட்டச் சொல்லவில்லை. வழக்கமான நீதிமன்றங்கள் சனி, ஞாயிறு நடப்பதில்லை. காதி விசாரணைகள் பல இடங்களில் நடப்பதே வாரக் கடைசியில்தான். ஒரு கட்டடம் வெறுமையாக இருக்கிற நாளில் இன்னொரு நீதிமன்றம் கூரையில்லாமல் இருக்கிறது. நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

1. மன்னார் நீதிமன்ற வளாகத்தில், அல்லது அது முடியாவிட்டால் ஓர் அரச கட்டடத்தில், காதி விசாரணைக்கு நிரந்தரமாக ஓர் அறையும் ஒரு நாளும்.

2. அந்த நாளும் நேரமும் வழக்கு இலக்கங்களும் வெளியில் பலகையில். பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.

3. இரு தரப்பும் தனித்தனியே காத்திருக்க இடம். பெண்களுக்கு மலசலகூடம். கைக்குழந்தையோடு வருபவருக்கு ஒரு மறைவு. சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளம்.

4. இரு தரப்புக்கும் ஒரே மாதிரிக் கதிரை.

5. பூட்டுள்ள ஆவண அலுமாரி, அரசாங்கப் பொறுப்பில். கட்டளை போட்டால் அதன் பிரதி இரு தரப்பு கையிலும்.

இதற்காக ஊரில் இருக்கிற பள்ளிவாசல் நிர்வாகங்களும், பெண்கள் அமைப்புகளும், ஜம்இய்யதுல் உலமாக் கிளையும், சட்டத்தரணிகளும் சேர்ந்து நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கும் நீதி அமைச்சுக்கும் ஒரு கடிதம் எழுதலாம். ஆண்களின் கையெழுத்து மட்டும் போதாது. பெண்களின் கையெழுத்து முதலில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த விறாந்தையில் இருந்தவர்கள் அவர்கள். எங்கள் கிறிஸ்தவ, இந்துச் சகோதரங்களும் கையெழுத்து வைத்தால் நாங்கள் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். பள்ளிமுனைச் சனத்தின் காணி வழக்குக்கு ஒரு கட்டடம் இருந்தது போல, பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணின் தாபரிப்பு வழக்குக்கும் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை மன்னார்க் கோட்டைக்கும், அரிப்பு மாளிகைக்கும், பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கும் சுற்றுலா கூட்டிப் போகிறோம். நீதிமன்றத்துக்கு யாரும் கூட்டிப் போவதில்லை. அனுமதி எடுத்து ஒரு நாள் கூட்டிப் போவோம். எங்கே நீதவான் இருப்பார், சாட்சி எங்கே நிற்பார், ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று காட்டுவோம். அது குற்றவாளிகளின் இடம் இல்லை, உரிமை கேட்கும் இடம் என்று பத்து வயதில் விளங்கிக்கொண்ட பிள்ளை, இருபது வயதில் அதற்குக் கல் எறியாது. அந்தப் பிள்ளை பெண்பிள்ளை என்றால், முப்பது வயதில் தேவை வரும்போது படியேறவும் பயப்படாது.

கடிதத்தின் வரைவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். சேர்ந்து எழுத விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். காதி நீதிமன்றம் போன அனுபவம் உள்ள சகோதரிகள் எழுத விரும்பினால் பெயர், ஊர் எதுவும் போடாமல் உள்பெட்டியில் மட்டும் எழுதுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லும் வெளியே போகாது.

நியாயம் கேட்டு வருகிற எவரையும் வாசற்படியில் நிறுத்தி வைக்காத ஓர் ஊராக அல்லாஹ் எங்கள் ஊரை ஆக்குவானாக. ஆமீன்.